நேராய்க் கேளுங்கோ

மிஸ் ஹார்ட்லி பிடித்த பிடியை விடுகிற மனுஷி அல்ல. கூரங்கா ஷயரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஷயர் என்றால் நம்மூர்ப் பட்டினசபை மாதிரி ஒன்று. மெல்பேணில் ரயில் ஏறி டண்டினொங்கில் இறங்கி, பிறகு பஸ்ஸில் அரை மணித்தியாலம் போனால், கோவா என்கிற முட்டைக்கோசுத் தோட்டங்களும் மாட்டுப் பண்ணைகளுமாய்க் கிடக்கும் ஊர். அங்கே நடக்கமுடியாமல் போன கிழவன் கிழவிகளை எழுபது மைல் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். நோயாளர் வாட்டில் இடமிராது. நடைபாதையில் கட்டில் போட்டுக் கிடத்துவார்கள். அந்த நடைபாதையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த மிஸ் ஹார்ட்லி, ஒருநாள் தாதித் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஷயர் சபையின் படியேறினாள்.

ஏழு வருஷம் ஏறினாள். சபையில் தலைவர்கள் மூன்றுபேர் மாறினார்கள், அவள் கேட்டது மாறவில்லை. கடைசியில் சபை மூடிக்கிடந்த பள்ளிக்கூடக் காணியைக் கொடுத்தது. கட்டடத்துக்குக் காசு கன்பெராவில் இருக்கிற அரசாங்கம் கொடுத்தது. ஊர்ப் பெண்கள் முப்பத்திரண்டு கட்டிலுக்கும் போர்வை தைத்துக் கொடுத்தார்கள். எழுபத்துநாலாம் ஆண்டு ஏப்ரலில், பாண்ட் வாத்தியம் முழங்க, மழை ஊற்று ஊற்றென்று ஊற்ற, ஷயரின் முதியோர் இல்லம் திறந்தது. திறந்துவைக்க வந்த பெரிய மனிதர்களை மிஸ் ஹார்ட்லி வாசலில் மறித்து, "சப்பாத்தைத் துடையுங்கள், நிலம் இப்போதுதான் கழுவினது" என்றாளாம். கழுவினதும் அவள்தான்.

இல்லத்தின் மேற்றனாய், அதாவது தலைமைத் தாதியாய், இருந்த இந்த மிஸ் ஹார்ட்லியிடம்தான் நாகேஸ்வரி வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் தாதியாய் இருந்தவள். புருஷன் கணேசலிங்கத்தோடு எழுபத்துமூன்றில் வந்து இறங்கியபோது, அவளுடைய படிப்பெல்லாம் செல்லாது, ஒரு மேற்றனின் கீழ் ஆறுமாதம் வேலைசெய்து அவர் நல்லபடி அறிக்கை எழுதினால்தான் தாதியாய்ப் பதியலாம் என்று பதிவுச் சபை எழுதிவிட்டது. ஆறேழு ஆஸ்பத்திரிகள் ஏறி இறங்கினாள். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், கடிதம் போடுகிறோம் என்றார்கள். மிஸ் ஹார்ட்லி மட்டும் கடதாசி ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே போய் ஒரு கட்டிலில் ஏறி மரக்கட்டை மாதிரிப் படுத்துக்கொண்டு, "எனக்குப் பாரிசவாதம். என்னை நோகாமல் திருப்பு பார்ப்போம்" என்றாள். நாகேஸ்வரி சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திருப்பினாள். "நாளைக்கு ஏழு மணிக்கு வா" என்று கட்டிலில் கிடந்தபடியே சொன்னாள் மேற்றன்.

நாகேஸ்வரி என்ற பெயர்தான் அங்கே ஒருவர் வாயிலும் நுழையவில்லை. இரண்டாம் நாளே நேர்ஸ் நாகி ஆகிவிட்டாள்.

கணேசலிங்கத்துக்கு முதலில் இந்த இல்லமே பிடிக்கவில்லை. ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் படம்வரைஞராய் இருந்த மனுஷன், டண்டினொங்கில் ஒரு பக்டரியில் கார்க்கதவுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்துதான் வாயில் வரும்.

"பெத்ததுகளைக் கொண்டுபோய் அரசாங்கத்தின்ர தலையில கட்டிப்போட்டு, ஞாயிற்றுக்கிழமையில பூக்கொத்தோட வாற சனம்" என்பார்.

"நீங்கள் ஒருக்கா வந்து பாத்திட்டுக் கதையுங்கோ. எங்கட ஆஸ்பத்திரியில நிலத்தில பாய் போட்டுக் கிடந்த கிழவியளை மறந்திட்டியளே? இஞ்ச மேற்றன் கதவில தட்டாமல் ஒரு அறைக்குள்ளயும் போகமாட்டா. ஏனெண்டு கேட்டன். 'அது அவையின்ர வீடு, நாங்கள்தான் விருந்தாளி' எண்டுறா."

"அரசாங்கக் கட்டடத்துக்க விருந்தாளியோ?" என்று சிரிப்பார் கணேசலிங்கம். ஆனால் யோசிப்பார்.

உண்மையில் அந்த இல்லம் நடந்த விதமே தனி. காலமை ஒன்பது மணிக்குமேல் ஒருவரும் இரவு உடுப்போடு இருக்கக்கூடாது. படுக்கையை விட்டு எழும்ப முடியாதவருக்கும் சட்டை மாற்றி, தலை வாரி இழுத்து, யன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பிவிட வேண்டும். ஆளுக்கொரு சொந்தக் கதிரை, அதில் வேறொருவர் இருந்தால் மேற்றன் எழுப்பிவிடுவாள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டி, முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டுத் தேய்க்க வேண்டும். படுக்கைப்புண் ஒன்று வந்தால் அன்றைக்கு மேற்றன் ஒருவரோடும் கதைக்கமாட்டாள். வந்த நாளில் முதுகெல்லாம் புண்ணாய்க் கிடந்த ஏழு பேருக்கும் ஆவணிக்கு முன் ஆறிவிட்டது. சலவைக்காரி வராத நாளில் தானே படுக்கைவிரிப்புகளைத் தோய்ப்பாள். தென்கடலில் இருந்து ஐஸ் மாதிரி வருகிற காற்றில் நின்று அவள் விரிப்புக் காயப்போடுவதை யன்னலால் பார்க்கும்போதெல்லாம் நாகேஸ்வரிக்கு நெஞ்சு நிறையும். இப்படியும் ஒருத்தியா என்றிருக்கும்.

இரண்டாம் மாதமே மேற்றன் ஊசியையும் அவள் கையில் கொடுத்துவிட்டாள். பதிவு வராத ஒருத்தி ஊசி போடுவதற்கு, பொறுப்பு என்னுடையது என்று மேற்றன் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வைத்தாள்.

ஊசி என்றால் முக்கியமாய் மிஸ்ரர் டன்ஸ்டனுக்கு. எழுபத்தெட்டு வயது, ரயில்வேயில் சிக்னல்காரராய் நாற்பது வருஷம் இருந்தவர். சலரோகம், கால் ஒன்று எடுத்தாயிற்று. காலமை ஏழரைக்கு இன்சுலின் போட்டு, எட்டுமணிக்கு ஓட்ஸ் கஞ்சி கொடுக்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் சங்கிலி மணிக்கூட்டை எடுத்துப் பார்ப்பார். "நேர்ஸ் நாகி, ஏழு முப்பத்தொன்று. கிப்ஸ்லாந்து எக்ஸ்பிரஸ் பிந்திவிட்டது" என்பார். அவளுக்கும் சிரிப்பு வரும். அந்த வீட்டில் அவளுக்கு மிகவும் பிடித்த கிழவன் அவர்தான்.

ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில்தான் எல்லாம் நடந்தது.

அன்றைக்குக் கண்ணாடியெல்லாம் பனி பிடித்திருந்தது. ஏழு இருபத்தைந்துக்கு நாகேஸ்வரி மருந்தலுமாரியைத் திறந்து இன்சுலின் போத்தலைக் கையில் எடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் தொம் என்று ஒரு சத்தம். போத்தலை வைத்துவிட்டு, காலில் வெந்நீர் கொட்டினவள் மாதிரி ஓடினாள். மிஸிஸ் டொயில் என்ற கிழவி, ஈர நிலத்தில் வழுக்கி, தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே சிக்கிக் கிடந்தாள். நாகேஸ்வரி முழங்காலை மடித்து இருந்து அவளுடைய தலையை மடியில் தாங்கிக்கொண்டாள்.

அப்போது கதவுக்கு வெளியே சிஸ்ரர் மோரிசனின் குரல் கேட்டது. அன்றைய காலைக்குப் பொறுப்பான சிஸ்ரர் அவள்; பதிவு பெற்ற தாதியைத்தான் அங்கே சிஸ்ரர் என்பார்கள். ஐம்பது வயது, நல்ல வேலைகாரி, எப்போதும் அவசரம். மருந்துத் தாளில் கையெழுத்து இல்லாததைக் கண்டுவிட்டுக் கேட்கிறாள்:

"நாகி! டன்ஸ்டனுக்கு நீ இன்னும் ஊசி போடவில்லையா?"

"யெஸ், சிஸ்ரர்!" என்று உள்ளிருந்து கத்தினாள் நாகேஸ்வரி.

இவ்வளவுதான் நடந்தது. இதை வாசிக்கிற உங்களுக்கு இதில் ஒரு பிழையும் தெரியாது. எனக்கும் தெரிந்திராது. போடவில்லையா என்று கேட்டாள், ஓம் என்றாள். போடவில்லை என்றுதானே அர்த்தம்? சிஸ்ரர் போடட்டும் என்று நாகேஸ்வரி நிம்மதியாய்க் கிழவியின் காலைத் தடவிப் பார்த்தாள். எலும்பு முறியவில்லை.

மத்தியானம் மிஸ்ரர் டன்ஸ்டன் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார். மூன்றுநாளாய் இருமல் வேறு, அன்று எழும்பினதில் இருந்தே அரை மயக்கம். மூன்றுதரம் தண்ணீர் கேட்டார், குடித்ததை வாந்தி எடுத்தார். காலமை தொடக்கம் மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை. அதைக் கண்டுதான் நாகேஸ்வரி சோதனைப் பெட்டியை எடுத்தாள். அவருடைய சலத்தில், அதாவது சிறுநீரில், ஐந்து துளி எடுத்து, கண்ணாடிக் குழாயில் பத்துத் துளி தண்ணீரோடு விட்டு, சோதனைக் குளிசையைப் போட்டாள். குளிசை பொங்கி அடங்கினதும் நிறம் நீலமாய் இருக்கவேண்டும். செங்கல் நிறத்தில் வந்து நின்றது, சீனி உச்சத்தில்.

மருந்துத் தாளை எடுத்தாள். 7.30, இன்சுலின், நேர்ஸ் நாகி என்று சிஸ்ரர் மோரிசனின் கையால் எழுதியிருந்தது.

"சிஸ்ரர், நீங்கள் எத்தனை மணிக்கு ஊசி போட்டீர்கள்?"

"நானா? நீயல்லவா போட்டாய்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இருவருமாய் ஓடினார்கள். டொக்டர் வந்தார், அம்புலன்ஸ் வந்தது. "பின்னேரம் வரைக்கும் விட்டிருந்தால் ஆளை மறந்திருக்கலாம். சோதித்துப் பார்த்தது யார்?" என்று கேட்டார் டொக்டர். மறுமொழிக்கு நிற்காமல் அம்புலன்ஸின் பின்னால் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மேற்றன் இருவரையும் தன் அறையில் நிறுத்தினாள்.

"நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். யெஸ் என்று தெளிவாய்ச் சொன்னாள். அதை நம்பித்தான் எழுதினேன்" என்றாள் சிஸ்ரர் மோரிசன்.

"நீ யெஸ் என்று சொன்னாயா, நாகி?"

"சொன்னேன், மேற்றன்."

"அப்படியென்றால் ஊசி போட்டதாகச் சொன்னாய்."

"இல்லை, மேற்றன். போடவில்லை என்றுதான் சொன்னேன்."

"யெஸ் என்று சொன்னேன் என்கிறாயே!"

"ஓம், அதைத்தான் சொல்கிறேன். யெஸ் என்றுதான் சொன்னேன்."

மேற்றன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மேற்றனின் கண்கள் தன்னை விட்டு விலகிப்போவதை நாகேஸ்வரி பார்த்தாள். அவளுடைய நாலு மாதமும் அந்தக் கண்களோடு போகிற மாதிரி இருந்தது. "பிழை விடலாம். இந்த வீட்டில் நானும் விட்டிருக்கிறேன். பொய் சொல்லக்கூடாது" என்றாள் மேற்றன். "அடுத்த செவ்வாய் ஷயரின் குழு கூடுகிறது. அதுவரை நீ வேலைக்கு வரவேண்டாம். உன் அறிக்கையில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை."

பஸ்ஸில் வரும்போது நாகேஸ்வரி அழவில்லை. டண்டினொங் ஸ்டேஷனில் இறங்கி, மாக்கெற் முடிந்து கோவா இலையும் கடதாசியும் காற்றில் பறக்கிற தெருவால் நடந்து, வாடகை வீட்டின் கதவைத் திறந்து, குசினிக் கதிரையில் கோட்டோடு இருந்தாள். அப்போதுதான் அழுகை வந்தது.

கணேசலிங்கம் அன்று காலை ஷிப்ட். நாலு மணிக்கே வந்து, ரின்னில் அடைத்த மீனில் குழம்பும் பருப்பும் வைத்திருந்தார். ஊரில் குசினிப் பக்கம் எட்டியும் பார்க்காதவர்தான். இங்கே வந்து பழகிவிட்டார். தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறவைத்துப் பால் பிழிவதில் அவளைவிடக் கெட்டிக்காரர் என்றும் ஒரு நினைப்பு.

"என்னப்பா? ஏன் அழுறீர்? ஊரில இருந்து ஏதும் தந்தியோ?"

நடந்ததை எல்லாம் சொன்னாள்.

"நீர் பொய் சொன்னனீரோ?"

"நீங்களும் கேக்கிறியளே!"

"இல்லையப்பா, நான் அப்பிடிக் கேக்கேல்லை. அந்த மனுசி போட்டாச்சோ எண்டு கேட்டிருக்கும். நீர் அவசரத்தில மாறி விளங்கியிருப்பீர்."

"போடவில்லையா எண்டுதான் கேட்டவ. என்ர காதால கேட்டனான். நானும் யெஸ் எண்டனான். பிறகு எப்பிடி நான் போட்டனெண்டு எழுதுவா? என்னைப் பிடிக்காமல்தான் ஆரும் இப்பிடிச் செய்யினமோ தெரியேல்லை. நாலு மாதம், அப்பா! இன்னும் இரண்டு மாதம். பொய்க்காரி எண்டு மேற்றன் எழுதினா எண்டால் இந்த நாட்டில ஒரு கட்டிலடியிலயும் என்னை நிக்க விடமாட்டினம். அவ சாதாரண ஆளில்லை. அவ எழுதினால் எல்லாரும் நம்புவினம். நானே நம்புவன்!"

கணேசலிங்கம் திரும்பிப் போய் அடுப்பைக் குறைத்தார். சோற்றுக் கோப்பையை எடுத்தார். ஆண்பிள்ளைகளுக்குத் துக்கம் விசாரிக்கத் தெரிந்த வழி அதுதானே.

"காலமை தொடக்கம் நீர் ஒண்டும் சாப்பிடேல்லையோ?"

"ஓம்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

அவர் சோற்றைப் போட்டார். பருப்பை விட்டார். குழம்பை அள்ளின கரண்டி கோப்பைக்கு மேல் நிற்கும்போது, "நில்லுங்கோ!" என்று கத்தினாள் நாகேஸ்வரி. பாவம், கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"சாப்பிடேல்லையோ எண்டு."

"நான் என்ன சொன்னனான்?"

"ஓம் எண்டனீர்."

"அப்ப ஏன் சோறு போடுறியள்?"

"சாப்பிடேல்லை எண்டு சொன்னீர், போடுறன். என்னப்பா, சுகமில்லையோ உமக்கு?"

அவள் எழும்பி நின்றாள். "இதையே இங்கிலீசில கேட்டால், ஒரு வெள்ளைக்காரி என்ன சொல்லுவா? சாப்பிடவில்லையா எண்டு கேட்டால் 'நோ' எண்டுதான் சொல்லுவா, சாப்பிடாட்டில்! 'யெஸ்' எண்டால் சாப்பிட்டாச்சு எண்டு! நாங்கள் கேள்விக்கு ஓம் சொல்லுறம். அவை நடந்த காரியத்துக்கு ஓம் சொல்லுகினம். நான் தமிழில ஓம் எண்டு சொல்லிப்போட்டன் அப்பா, இங்கிலீஸ் வாயால!"

கணேசலிங்கம் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "போன மாதம் போர்மன் கேட்டவன், உனக்கு ஓவர்ரைம் வேண்டாமோ எண்டு. நான் யெஸ் எண்டனான், வேண்டாம் எண்டு. சனிக்கிழமை வரேல்லை எண்டு பிடிச்சுப் பேசினவன். எனக்கு இப்பதான் விளங்குது."

மறுநாள் விடிய, வரவேண்டாம் என்றதையும் பாராமல் நாகேஸ்வரி இல்லத்துக்குப் போனாள். மேற்றன் பின்வளவில் விரிப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சலவைக்காரிக்குக் காய்ச்சலாம். நாகேஸ்வரி பேசாமல் விரிப்பின் மற்ற முனையைப் பிடித்து உதறினாள். உதறி உதறியே எல்லாவற்றையும் சொன்னாள். குழம்புக் கரண்டிக் கதையையும் சொன்னாள்.

மேற்றன் நம்பினாளா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசிக் கவ்வியையும் போட்டுவிட்டுக் கேட்டாள்: "செவ்வாய்க்கிழமை உன்னை யார் கூட்டி வருவார்?"

"வரதராஜா என்று எங்களுக்குத் தெரிந்த ஒரு எஞ்சினியர். அவரிடம்தான் கார் இருக்கிறது."

"அவருடைய ஆங்கிலம் எப்படி?"

"என்னுடையதைவிட எவ்வளவோ மேல், மேற்றன்."

"நல்லது. அவரிடம் இந்தக் கதையைச் சொல்லாதே" என்றுவிட்டு, வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வரதராஜாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனுஷன், உதவி என்றால் முன்னுக்கு நிற்பார். ஆனால் கொழும்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதை ஒருநாளும் மறக்கமாட்டார், மற்றவர்களையும் மறக்க விடமாட்டார். அந்தச் செவ்வாய்க்கிழமை டண்டினொங் தொடக்கம் கூரங்கா வரைக்கும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டி நாகேஸ்வரிக்கு வகுப்பு எடுத்தார்.

"ஏதோ இங்கிலீஸ் பிரச்சினை எண்டு கணேஸ் சொன்னவர். நாகேஸ், உங்களில பிழை என்னெண்டால் தமிழில யோசிச்சு இங்கிலீசில கதைக்கிறியள். இங்கிலீசிலயே யோசிக்க வேணும். நான் கனவு காணுறதே இங்கிலீசில."

"ஓம் வரதராஜா அண்ணை" என்று சொல்லி, யன்னலால் கோவாத் தோட்டத்தைப் பார்த்தாள். பின்சீற்றில் கணேசலிங்கம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வந்து, இருமி இருமிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

குழு சாப்பாட்டு அறையில் கூடியிருந்தது. தலைவர் மிஸ்ரர் பெனற், பால்பண்ணைக்காரர், கறாரான மனுஷன். ஒரு ஓரத்தில் சிஸ்ரர் மோரிசன். யன்னல் பக்கம் சக்கரக்கதிரையில், முதல்நாள்தான் ஆஸ்பத்திரியால் திரும்பி வந்த மிஸ்ரர் டன்ஸ்டன், போர்வையும் மணிக்கூடுமாய். "ஊசி என்னுடைய கைக்கு வரவேண்டியது, நான் இல்லாமல் என்ன கூட்டம்?" என்று பிடிவாதமாய் வந்திருந்தாராம். நாகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். முடித்தபோது மிஸ்ரர் பெனற் பேனையால் மேசையில் தட்டினார்.

"யெஸ் என்றால் நோவா? கெட்டித்தனமான கதைதான். யோசித்துக் கட்டுவதற்கு ஒரு கிழமை இருந்ததே."

மேற்றன் எழும்பினாள். மூக்கு வைத்த தேநீர்ப் போச்சியைத் தூக்கிக்கொண்டு கதவை அகலத் திறந்தாள். வெளியே நடையில் வரதராஜா கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கணேசலிங்கம் தள்ளி நின்றார்.

"மிஸ்ரர் வரதராஜா, உங்களுக்கு ஒருவரும் தேநீர் தரவில்லையா?"

வரதராஜா எழும்பி, கோட்டைச் சரிசெய்து, கனவிலும் வருகிற அந்த இங்கிலீசில், "யெஸ், மேற்றன்!" என்றார்.

"சந்தோஷம்" என்று போச்சியோடு திரும்பி வந்துவிட்டாள் மேற்றன். வரதராஜாவின் கண் போச்சியின் பின்னாலேயே போயிற்று.

"அந்த மனிதர் தேநீர் குடித்துவிட்டார். அதற்கும் இதற்கும் என்ன?" என்றார் மிஸ்ரர் பெனற்.

"தேநீர் எப்படி இருந்தது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்."

மிஸ்ரர் பெனற் கதவடிக்குப் போய்க் கேட்டார்.

"எந்தத் தேநீர்?" என்றார் வரதராஜா. "ஒருவரும் தரவில்லை என்று இப்போதுதானே இந்த அம்மாவிடம் சொன்னேன்!"

மிஸ்ரர் பெனற் கதவடியில் நின்றபடி போச்சியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மிஸ்ரர் டன்ஸ்டன் சிரித்தார். இருமல் வருமட்டும் சிரித்தார். என்ன நடந்தது என்று கணேசலிங்கம் காதுக்குள் சொன்னபிறகு வரதராஜாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! மூக்கு உடைபட்டாலும் மனுஷன் நல்லவர், பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு அவரும் சிரித்தார்.

ஆனால் மிஸ்ரர் பெனற் சிரிக்கவில்லை. வந்து கதிரையில் இருந்தார். "சரி, பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். ஆனால் மிஸ் ஹார்ட்லி, நாளைக்கும் இதே மாதிரி நடக்கலாம் அல்லவா? நல்ல பெண்தான். ஊசியை எப்படி அவளிடம் விடுவது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்று நாகேஸ்வரிக்கே தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

"நான் ஒன்று சொல்லலாமா?" என்று எழும்பினாள் சிஸ்ரர் மோரிசன். "போட்டவர்தான் கையெழுத்து வைக்கவேண்டும். நான் பார்க்காத ஊசிக்கு நான் எழுதினேன். இதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் ஒரு கிழமையாய் வாய் திறக்கவில்லை. மத்தியானம் சலத்தைச் சோதித்துப் பார்த்ததும் இவள்தான்." அவள் திரும்ப உட்காரும்போது முகம் சிவந்திருந்தது.

மிஸ்ரர் டன்ஸ்டன் தொண்டையைச் செருமினார். "நாற்பது வருஷம் சிக்னல் பெட்டியில் இருந்தேன். அடுத்த பெட்டிக்காரனிடம் 'பாதையில் ஒன்றும் இல்லைத்தானே?' என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவும் விடமாட்டார்கள். 'பாதை திறந்திருக்கிறதா?' இப்படித்தான் கேட்கவேண்டும். அவனும் வெறும் யெஸ் சொல்லக்கூடாது. 'பாதை திறந்திருக்கிறது' என்று முழுதாய்த் திருப்பிச் சொல்லவேண்டும். இருமலும் காற்றும் கம்பியில் இரைச்சலும் இருக்கும் பாருங்கள். என் பெட்டியில் ஒரு ரயிலும் மோதவில்லை. பிழை இந்தப் பெண்ணில் இல்லை, பெனற். கேள்வியில்."

மேற்றன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏழு வருஷம் யோசித்துத்தான் இந்த வீட்டுக்கு ஒவ்வொரு விதியும் எழுதினேன். எப்படிக் கேட்பது என்று எழுதவில்லை. அது என்னுடைய பிழை, நாகி. உன்னைப் பொய்க்காரி என்றதும் என்னுடைய பிழைதான்" என்றாள். குழுவுக்கு முன்னால் சொன்னாள். எத்தனை பேர் சொல்வார்கள்? நாகேஸ்வரிக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதாள்.

பின்னேரமே மருந்தலுமாரிக் கதவில் கொட்டை எழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. 'இல்லையா' என்று எவரும் கேட்கக்கூடாது. நேராகக் கேள். முழுதாகச் சொல். செய்தவரே எழுது. மிஸ்ரர் பெனற் தன் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டு இரண்டுதரம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

மறுநாள் ஏழரைக்கு நாகேஸ்வரி ஊசியோடு டன்ஸ்டனின் கதவில் தட்டினாள். கிழவன் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நேர்ஸ் நாகி, இன்றைக்கு எனக்கு ஊசி போட்டாயா?"

"நான் இன்னும் ஊசி போடவில்லை, மிஸ்ரர் டன்ஸ்டன்."

"பாதை திறந்திருக்கிறது" என்று சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீடே அப்படித்தான் கதைத்தது. குசினியில் உப்புப் போட்டாயிற்றா என்பதற்கும் முழுதாய்த்தான் மறுமொழி வரும். காது மந்தமான கிழவன் கிழவிகளுக்கு அது எவ்வளவு வசதியாய்ப் போயிற்று என்று பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. கணேசலிங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். மிஸ்ரர் டன்ஸ்டனோடு இரண்டு மணித்தியாலம் சிக்னல் பற்றிக் கதைத்து, பெட்டியை அளவோடு படம் வரைந்து கொடுத்து, அடுத்த ஞாயிறும் தானாகவே வெளிக்கிட்டார். அரசாங்கத்தின் தலையில் கட்டுகிற சனம் என்ற கதை பிறகு அவர் வாயில் வரவில்லை.

ஆறுமாதம் முடிந்து மேற்றன் அறிக்கை எழுதினாள். என்ன எழுதினாள் என்று சொல்லவில்லை. "நடந்தது எல்லாம் எழுதினேன்" என்றாள், அவ்வளவுதான். நடந்தது எல்லாம் என்றால் அந்தச் செவ்வாயும்தானே. நாகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரனின் விசில் கேட்டால் வாசலுக்கு ஓடுவதும், வெறுங்கையோடு வருவதுமாய் நாலு கிழமை போயிற்று.

நவம்பரில் ஒரு பின்னேரம். காலமை வெயில், மத்தியானம் ஆலங்கட்டி, இப்போது திரும்பவும் வெயில். கணேசலிங்கம் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினார். நாகேஸ்வரி குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. வெங்காயத்தாலா வேறெதாலா என்று அவருக்குத் தெரியவில்லை. சத்தம் வராமல், கிட்ட வந்து நின்று கேட்டார்.

"என்னப்பா, கடிதம் இண்டைக்கும் வரேல்லையோ?"

அவள் திரும்பவில்லை.

"நேராய்க் கேளுங்கோ" என்றாள்.

கணேசலிங்கம் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"கடிதம் வந்ததோ?"

"கடிதம் வந்தது" என்று திரும்பினாள் சிஸ்ரர் நாகேஸ்வரி.